கல்லை விடுங்கள், அந்தக் காகிதம் பத்திரம்

வாசகர் கேள்வி:

ஐயா, நான் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னெவில் இருக்கிறேன். போன மாதம் தெருச் சந்தையில் பன்னிரண்டு கற்கள் இருந்த ஒரு மரப்பெட்டியை 30 யூரோவுக்கு வாங்கினேன். ஒரு கல்லில் மயிர் போலப் பச்சை ஊசிகள் இருக்கின்றன. அதன் அடியில் ஒரு துண்டுக் காகிதம். 'குப்ரோஸ்க்ளோடோவ்ஸ்கைட், முசோனோய், கட்டாங்கா, கொங்கோ பெல்ஜ்' என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. தேடிப் பார்த்தால் யுரேனியம் என்கிறார்கள். யுவி டார்ச் அடித்தேன், ஒளிரவில்லை. அப்படியென்றால் போலியா? ஊரிலிருக்கும் மச்சான், இந்தியாவில் யுரேனியம் கிலோ மூன்று கோடி என்று ஒரு செய்தியை அனுப்பி, இங்கே கொண்டு வா என்கிறார். மனைவி, வீட்டில் வைக்கவே கூடாது என்கிறார். தூசி படிந்திருக்கிறது, பழைய டூத் பிரஷால் கழுவலாமா? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, முதலில் அந்தக் கல்லைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுங்கள். இரண்டாவது படத்தில் கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் தேநீர்க் கோப்பை இருக்கிறது. பயப்படும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனாலும் இந்த வகைக் கல்லும் சோறும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. கல்லை எடுத்து வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

டூத் பிரஷுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதி முடிப்பதற்குள் கழுவிவிடுவீர்கள். வேண்டாம். தண்ணீர், சோப்பு, பிரஷ், எதுவும் வேண்டாம். ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு சேகரிப்பாளரின் கல்லை, இதே மாதிரி ஊசிக்கல்தான், குழாயடியில் காட்டி மெல்லிய தூரிகையால் ஒரே ஒரு தடவு தடவினேன். ஊசிகள் நனைந்த தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிட்டன. காய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. உரிமையாளர் என்னைத் திட்டவில்லை. கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு பேசாமல் போய்விட்டார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. தூசி இருந்தால் இருக்கட்டும். அது விலையைக் கொஞ்சம்தான் குறைக்கும். பிரஷ் மொத்தத்தையும் கொண்டுபோய்விடும். அதோடு, உதிரும் ஊசித்தூள்தான் இந்தக் கல்லில் உடம்புக்கு ஆகாத பங்கு.

சரி, இது போலியா என்ற கேள்விக்கு வருவோம். யுவி டார்ச் அடித்து ஒளிரவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. யுரேனியக் கனிமங்கள் பச்சையாக ஜொலிக்கும் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பது ஆட்டுனைட் போன்றவற்றால் வந்த பேச்சு. உங்கள் நாட்டிலேயே ஓத்தான் ஊரின் பெயரால் அழைக்கப்படும் கனிமம் அது. ஆனால் கட்டமைப்புக்குள் செம்பு வந்துவிட்டால் அந்த ஒளிர்வை அது அணைத்துவிடும். உங்கள் லேபிளில் உள்ள பெயரிலேயே 'குப்ரோ' இருக்கிறது, செம்பு என்று பொருள். ஆக, ஒளிராததுதான் இதற்கு இயல்பு. ஒளிர்ந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

பெயரின் மீதிப் பாதி ஸ்க்ளோடோவ்ஸ்கா. மேரி கியூரி பிறந்த வீட்டுப் பெயர். ஆப்பிரிக்காவில், கொங்கோ நாட்டின் தெற்கே உள்ள கட்டாங்காவின் ஷின்கோலோப்வே சுரங்கத்தில் 1920களில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய யுரேனியக் கனிமங்கள் கிடைத்தபோது விஞ்ஞானிகளின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினார்கள். கியூரைட், பெக்கரலைட், சாடியைட் என்று ஒரு வரிசையே இருக்கிறது. கணவர் பெயரில் ஒன்று போய்விட்டதால் மேரிக்குப் பிறந்த வீட்டுப் பெயரை எடுத்தார்கள்போல, 1924இல் ஸ்க்ளோடோவ்ஸ்கைட் வந்தது. அதில் மெக்னீசியம் இருக்கும் இடத்தில் செம்பு இருந்தால் உங்கள் கல். அந்தப் பெயர் வந்தது 1933இல். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தப் பச்சை ஊசிகள் வேறு என்னவாக இருக்கலாம்? கட்டாங்கா என்றாலே செம்பு பூமி. அங்கே பச்சையாகத் தெரியும் கற்களில் மிகப் பெரும்பாலானவை மலக்கைட். அதுவும் பட்டு நூல் மாதிரி ஊசிக்கொத்தாக வளரும். யுரேனியம் ஒரு பொட்டுகூட இருக்காது. இன்னொன்று டார்பர்னைட். இது செம்பும் யுரேனியமும் சேர்ந்த பாஸ்பேட், பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் ஊசியாக அல்ல, மைக்கா மாதிரி ஏடு ஏடாகப் பிரியும் சதுரத் தட்டுகளாக. பழைய புத்தகங்களில் அதற்குச் சால்கோலைட் என்று பெயர். 1898இல் மேரி கியூரி கவனித்தது, அதில் உள்ள யுரேனியத்தை வைத்துக் கணக்கிட்டால் வரவேண்டியதைவிட அதிகமாகக் கதிர் வருகிறது என்பது. உடனே அதே சால்கோலைட்டை ஆய்வகத்தில் சுத்தமான பொருள்களைக் கொண்டு செயற்கையாகச் செய்து பார்த்தார். செயற்கைக் கல் மற்ற யுரேனிய உப்புகளைப் போல அடக்கமாக இருந்தது. அப்படியானால் இயற்கைக் கல்லுக்குள் வேறு யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடப் போய்த்தான் அந்த ஆண்டிலேயே பொலோனியமும் ரேடியமும் அகப்பட்டன. ஒரு கல் என்ன என்று கண்டுபிடிப்பதில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கதிர் வருகிறது என்பது ஒரு செய்தி, எதிலிருந்து வருகிறது என்பது வேறு செய்தி.

இது உங்கள் கல்லுக்கும் அப்படியே பொருந்தும். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை ஊசிகளுக்கு நடுவே, வலது பக்கக் குழியில், கடுகைவிடச் சிறிதாக இரண்டு மூன்று ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிகின்றன. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது என்பதை மறைக்கவில்லை. லேபிள் சொல்லும் முசோனோய்ச் சுரங்கத்தில் பச்சை ஊசிகளோடு கூடவே கேசொலைட் என்ற கனிமம் வரும். ஈயமும் யுரேனியமும் கலந்தது, மஞ்சளிலிருந்து ஆரஞ்சுவரை நிறம் இருக்கும். அந்தப் புள்ளி கேசொலைட்தான் என்றால் லேபிள் சொல்லும் ஊர் உண்மை என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஆனால் பொறியும் அங்கேதான். யாராவது கைகர் கவுண்டரைக் கொண்டுவந்து கல்லுக்கு மேல் பிடித்து, டிக் டிக் என்று அது கத்தியதும், ஆ, குப்ரோஸ்க்ளோடோவ்ஸ்கைட் என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சத்தம் ஆரஞ்சுப் புள்ளியிலிருந்து வந்துகொண்டிருக்கலாம், பச்சை ஊசிகள் வெறும் மலக்கைட்டாகவே இருக்கலாம். கவுண்டர் கல்லில் கதிரியக்கம் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், எந்த ஊசியில் என்று சொல்லாது. மலக்கைட்டா என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கும் பழைய வழி உண்டு. விற்கப்போகும் கல்லில் அதைச் செய்வது, பட்டுப்புடவை அசலா என்று பார்க்க முந்தானையைக் கொளுத்துவது போல. எங்கள் தொழிலில் கல்லை நக்கிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. அதையும் இந்தக் கல்லிடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துக்கொள்வது, அதிக விலை இல்லை. நல்ல வெளிச்சத்தில், மூச்சு கல்லின் மேல் படாதபடி வைத்து, ஊசிகளா தட்டுகளா என்று பாருங்கள். தட்டு என்றால் டார்பர்னைட் பக்கம் போகிறோம். ஊசி என்றால் மலக்கைட்டா, லேபிள் சொல்வதா என்ற இரண்டே கேள்விதான் மீதி. அதற்கு ஆய்வகம் வேண்டும். ஒரு பல்கலைக்கழகப் புவியியல் துறையில் கேட்டால் ராமன் நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். திருச்சியில் பிறந்த நம் சி. வி. ராமன் 1928இல் கண்டுபிடித்த அதே விளைவுதான். லேசர் ஒளியை ஊசியின்மேல் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை வைத்துக் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடும். கல்லிலிருந்து ஒரு துணுக்குகூடக் கிள்ள வேண்டாம். ஊசியில் செம்போடு யுரேனியமும் சிலிக்கேட்டும் இருந்தால் உங்கள் லேபிள் ஜெயித்தது. பாஸ்பேட் தெரிந்தால் டார்பர்னைட். கார்பனேட் மட்டும் என்றால் மலக்கைட், மனைவியிடம் நல்ல செய்தியாகச் சொல்லலாம்.

இப்போது மச்சான் அனுப்பிய செய்தி. அது 2021 மே மாதம் மகாராஷ்டிரத்தில் நடந்த வழக்கு என்று நினைக்கிறேன். சுமார் 7 கிலோ இயற்கை யுரேனியத்தோடு இரண்டு பேரைக் காவல்துறை பிடித்தது. அதன் மதிப்பு 21 கோடி ரூபாய் என்று செய்திகளில் வந்தது. கிலோவுக்கு மூன்று கோடி என்ற கணக்கு அங்கிருந்து பிறந்திருக்கும். அந்த மாதம் உலகச் சந்தையில் யுரேனிய ஆக்சைடு ஒரு பவுண்டு ஏறக்குறைய 30 டாலருக்குப் போனது. 7 கிலோ யுரேனியத்துக்கு அந்தக் கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாய்கூட வராது. 21 கோடிக்கு வாங்க வரிசையில் யாரும் நிற்கவில்லை, வாங்க ஆள் தேடியவர்கள் சிறையில்தான் நின்றார்கள். தமிழ்நாட்டில் இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்று ஊர் ஊராக ஏமாற்றினார்களே, அந்தக் கதையின் தம்பிதான் இந்த யுரேனியக் கோடி.

உங்கள் கல்லுக்கே கணக்குப் போடுவோம். பக்கத்தில் வைத்த நாணயத்தை வைத்துப் பார்த்தால் கல் ஒரு எலுமிச்சம்பழ அளவு. அதில் பெரும்பகுதி சாதாரணப் பாறை. பச்சை ஊசிப் படலம் மொத்தமாக 5 கிராம் இருந்தால் அதிகம். இந்தக் கனிமத்தின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, 53 சதவீதம், யுரேனியம். ஆக இரண்டரை கிராம் சொச்சம். 2024 ஜனவரியில் விலை ஏறி பவுண்டு 100 டாலரைத் தாண்டியது. அந்த உச்ச விலையைப் போட்டாலும் உங்கள் கல்லில் இருக்கும் யுரேனியத்துக்கு ஒரு டாலர் தேறாது. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் அதற்கு ஒரு பிளேன் டீகூடக் கிடைக்காது.

ஊருக்குக் கொண்டுபோகும் யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள். இந்தியாவானாலும் இலங்கையானாலும் யுரேனியம் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். அனுமதி இல்லாமல் கொண்டுபோனால், விமான நிலையத்தில் இது சந்தையில் 30 யூரோவுக்கு வாங்கிய கல் என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பார்சலில் போட்டும் அனுப்ப வேண்டாம். கதிரியக்கப் பொருளை அனுப்பத் தனி விதிகள் உண்டு.

அப்படியானால் இதற்கு விலையே இல்லையா? இருக்கிறது, உங்களையே ஆச்சரியப்பட வைக்கும் அளவுக்குக்கூட இருக்கலாம். ஆனால் அது யுரேனியத்துக்கான விலை அல்ல. ஊசி எவ்வளவு நீளம், எவ்வளவு நெருக்கம், எத்தனை முறியாமல் இருக்கிறது என்பதற்கும், அந்தத் துண்டுக் காகிதத்துக்குமான விலை.

காகிதத்தை நான் கல்லைவிட நேரமெடுத்துப் பார்த்தேன். கொங்கோ பெல்ஜ் என்றால் பெல்ஜியக் கொங்கோ. அந்த நாடு 1960 ஜூன் 30இல் சுதந்திரம் பெற்றது. அதற்குப் பிறகு, 1971இல் நாடு ஜயீர் ஆனது, கட்டாங்கா மாகாணம் ஷாபா ஆனது. 1997இல் மறுபடி கொங்கோ, மறுபடி கட்டாங்கா. 2015இல் மாகாணத்தைப் பிரித்தபோது முசோனோய் இருக்கும் கொல்வேசிப் பகுதி லுவலாபா ஆயிற்று. ஊர்ப்பெயர் இப்படி மாறி மாறி வந்தது எங்களுக்கு ஒரு வரம். லேபிளைப் பார்த்தே காலத்தைக் குறித்துவிடலாம். 'ஷாபா, ஜயீர்' என்றிருந்தால் 1971க்கும் 1997க்கும் இடையில் எழுதியது. உங்களுடையதில் கனிமத்தின் பெயரே 1933இல்தான் பிறந்தது, நாட்டின் பெயர் 1960இல் போய்விட்டது. ஆகவே காகிதம் அந்த 27 ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். பழக்கதோஷத்தில் 1960க்குப் பிறகும் கொஞ்ச காலம் பெல்ஜியக் கொங்கோ என்றே எழுதிக்கொண்டிருந்தவர்கள் உண்டு, அதற்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்.

அந்தக் காலத்தில் அந்தச் சுரங்கங்கள் யூனியன் மினியேர் என்ற பெல்ஜியக் கம்பெனியின் கையில் இருந்தன. ஷின்கோலோப்வேயின் யுரேனியத் தாதுவை அதன் தலைவர் எட்கார் சென்ஜியே 1940இல் ஆயிரம் டன்னுக்கு மேல் நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தார். இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்க அணுகுண்டுத் திட்டம் அதை வாங்கிக்கொண்டது. உங்கள் கல் அந்தச் சுரங்கத்தினுடையது அல்ல, செம்பும் கோபால்ட்டும் தோண்டும் சுரங்கத்தில் கூடவே வந்தது. சேகரிப்பாளர்களுக்குக் கட்டாங்கா என்ற சொல்லே இனிப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

லேபிளின் மூலையில் சிவப்பு மையில் ஒரு எண் தெரிகிறது, 47 அல்லது 41. கல்லைத் திருப்பி, கையுறையோடு, அடிப்பக்கத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து அதே எண்ணை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய சேகரிப்பாளர்கள் அப்படித்தான் செய்வார்கள். எண் பொருந்தினால் காகிதமும் கல்லும் ஒரே குடும்பம் என்று உறுதி. பொருந்தாவிட்டால், யாரோ வேறு கல்லின் சீட்டை இதனடியில் வைத்திருக்க வாய்ப்புண்டு, சந்தைப் பெட்டிகளில் இது சகஜம். காகிதத்தின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள். டெய்ரோல், பூபே போன்ற பாரிஸின் பழைய இயற்கைப் பொருள் கடைகளின் அச்சு இருந்தால் அதுவும் ஒரு கூடுதல் காசு. டேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்லோடு அல்லாமல் பக்கத்தில் வையுங்கள்.

உங்கள் யுவி டார்ச் வீண் போகவில்லை. இருட்டில் ஊசிகளின் வேர்ப்பக்கம் அடித்துப் பாருங்கள். நீலவெள்ளையாக ஏதாவது ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் பசை. உடைந்ததை ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விலை இறங்கும்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். படம் பார்த்துத் துல்லியமாக விலை சொல்பவரை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து. இதே கனிமம், முசோனோய்க் கல், கட்டைவிரல் அளவில் என்றால் சில பத்து யூரோவிலிருந்து இருநூறு முந்நூறு வரை கைமாறுவது வழக்கம். உள்ளங்கை அளவில், ஊசிகள் கலையாமல், பளிச்சென்று இருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். உங்கள் கல்லில் மூன்றாவது படத்தின் இடது ஓரம் எனக்குக் கவலை தருகிறது. அங்கே ஊசிகள், நாற்று நட்ட வயலில் மாடு நடந்த மாதிரி சாய்ந்து கிடக்கின்றன. நடுக்குழி நன்றாக இருக்கிறது. ஆய்வக முடிவும் எண் பொருத்தமும் சேர்ந்து வந்தால் சில நூறு யூரோ கேட்பதில் தவறில்லை. விற்க நல்ல இடம், ஒவ்வொரு ஜூன் கடைசியிலும் அல்சாஸில் செந்த் மரி ஓ மின் ஊரில் நடக்கும் கனிமச் சந்தை. முதலில் கல்லை எடுத்துப் போகாமல் படங்களோடு போய், கதிரியக்கக் கனிமம் விற்கும் வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

அதுவரை வீட்டில் எப்படி வைப்பது? உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் பதறத் தேவையில்லை. இதிலிருந்து வரும் ஆல்பா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும். மற்றக் கதிர்களுக்குத் தூரமே பாதுகாப்பு. ஐந்து சென்டிமீட்டரில் இருப்பதற்கும் ஒரு மீட்டரில் இருப்பதற்கும் இடையே ஏறத்தாழ நானூறு மடங்கு குறையும். மூடியுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் ஆடாமல் வைத்து, நிலவறையிலோ பொருள் வைக்கும் அறையிலோ, ஆள் உட்காராத, காற்றோட்டமுள்ள இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். படுக்கைக்குக் கீழே வேண்டாம். டப்பாவுக்குள் ரேடான் என்ற கதிரியக்க வாயு சேரும் என்பதால் ஜன்னலைத் திறந்துவிட்டு டப்பாவைத் திறவுங்கள். தொட்டால் கை கழுவுங்கள். மேசையை ஈரத் தாளால் துடைத்து அந்தத் தாளை எறிந்துவிடுங்கள். வேக்குவம் கிளீனர் போடாதீர்கள், தூளை வீடு முழுக்க ஊதிவிடும். வீட்டில் இருக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் குப்பையில் போடாமல் ஆண்ட்ரா நிறுவனத்தைக் கேளுங்கள், பிரான்ஸில் கதிரியக்கக் கழிவுகளுக்குப் பொறுப்பு அவர்கள்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெட்டியில் மொத்தம் பன்னிரண்டு கற்கள் என்று எழுதியிருந்தீர்கள். மற்றப் பதினொன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவற்றின் அடியிலும் அதே கையெழுத்தில் காகிதங்கள் இருக்கின்றனவா? இருந்தால் எல்லாவற்றையும் கல்லோடு சேர்த்து, எந்தக் காகிதம் எந்தக் கல்லுக்கு என்று மாறிவிடாமல், படமெடுத்து அனுப்புங்கள். முக்கியமாக, முதல் படத்தின் மூலையில் பாதி தெரியும் அந்த மஞ்சள் கல்.